சுமக்கிறவர்களுக்குத் தோள் கொடுப்போம்

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப தினக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் பங்குக் குரு பேச எழுந்தால் ஆலயம் எழும்பிய வரலாற்றைச் சொல்வார், முன்னோர் பட்ட பாட்டைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது வழக்கம். அவற்றையெல்லாம் நம் பங்கின் மூத்தவர்கள் விழா மலரில் என்னைவிட நன்றாகவே எழுதுகிறார்கள். ஆகவே எனக்குத் தரப்பட்டிருக்கும் இந்த அரைமணி நேரத்தை வேறொரு காரியத்துக்குச் செலவிட உங்கள் அனுமதியைக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஆலய அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்வதற்கான பெயர்ப்பட்டியல் அது. எந்தத் தெரு, எந்த வீடு, என்ன நோய், விழுங்க முடியுமா முடியாதா என்பது வரை அதில் குறித்திருக்கிறது. எனக்கு முன் இங்கே பணியாற்றிய குருக்கள் ஒழுங்காக எழுதி வைத்துச் சென்ற நல்ல நோட்டு. ஆனால் அந்த நோயாளியைக் குளிப்பாட்டுகிறவர் யார், நடுஇரவில் புரட்டிப் படுக்க வைக்கிறவர் யார் என்பதற்கு அதில் ஓர் இடமும் இல்லை. எந்த ஆஸ்பத்திரிச் சீட்டிலும் இல்லை, எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் இல்லை. இன்று நான் பேச வந்தது அந்தப் பெயர்களைப் பற்றித்தான்.

நாம் வாழும் பகுதியை நினைத்துப் பாருங்கள். திருவள்ளூரில் காக்களூர்த் தொழிற்பேட்டை, இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், அதற்கும் அப்பால் தேர்வாய்க் கண்டிகை. உருக்காலை, கம்பி ஆலை, இரசாயன ஆலை, உதிரிபாகக் கம்பெனி. காலை ஷிப்ட், மதிய ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மூன்று சங்குக்கு நம் வீடுகள் விழித்துத் தூங்குகின்றன. கவரைப்பேட்டையிலும் பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் விடியற்காலை மின்சார ரயிலைப் பிடித்துச் சென்னைக்குள் வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். நம்மில் பலர் இந்த மண்ணில் பிறந்தவர்கள் அல்லர். தெற்கேயிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள், ஆந்திர எல்லையிலிருந்து வந்தவர்கள், 1990-க்குப் பிறகு கடல் கடந்து வந்து முகாமிலே வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். சொந்த ஊரிலே ஒருவர் படுக்கையில் விழுந்தால் அத்தை ஒரு வேளை, சித்தி ஒரு வேளை, பெரியம்மா ஒரு வேளை என்று வந்து நிற்பார்கள். இங்கே பக்கத்து வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது. பூட்டியவர்கள் மோசமானவர்கள் என்பதல்ல. அவர்களும் ஷிப்டுக்குப் போயிருக்கிறார்கள்.

அப்படியானால் படுக்கையில் கிடப்பவரோடு யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் ஒரே ஒருவர். மனைவி, அல்லது மருமகள், அல்லது மணமாகாமல் நின்றுவிட்ட மகள். சில வீடுகளில் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய பேத்தி. ஆண்களும் உண்டு, அவர்களை மறந்துவிடக் கூடாது. பகலில் தகப்பனாரைப் பார்த்துக்கொள்வதற்காகவே நிரந்தரமாக இரவு ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரு மகனை எனக்குத் தெரியும். அவர் எப்போது தூங்குகிறார் என்று கேட்டேன். ரயிலில் என்றார்.

தொழிலாளர் சட்டத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. திட்டம் நல்ல திட்டம். தொழிலாளிக்கு நோய் வந்தால் ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் மருத்துவம் உண்டு. ஆனால் நோயுற்ற தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்காக எடுத்த விடுப்புக்கு அதில் ஒரு பைசாவும் கிடையாது. நிரந்தர வேலையில் இருப்பவர் எப்படியாவது சமாளிப்பார். காண்ட்ராக்டில் இருப்பவர் ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று, மூன்று நாள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார். ஆகவே வேலைக்குப் போகிறவர் போய்த்தான் ஆக வேண்டும், வீட்டில் இருக்கிறவர் தனியாகத்தான் பார்த்தாக வேண்டும். இதிலே யாரைக் குறை சொல்வது?

பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கும் கணவரைக் கவனிக்கும் ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. வீட்டுத் திண்ணையில் சொன்னது. அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். அந்தத் தாய் ஞாயிறு திருப்பலிக்கு வருவதில்லை. விசுவாசம் குறைந்துவிட்டது என்று தெருவில் பேச்சு. விசுவாசம் குறையவில்லை; வீட்டை விட்டு ஒன்றரை மணி நேரம் வெளியே வர வழி இல்லை, அவ்வளவுதான். உறவினர் வருவார்களாம். அவரைப் பார்ப்பார்களாம், இளைத்துவிட்டாரே என்பார்களாம், இந்த எண்ணெயைத் தடவிப் பாருங்கள், அந்த ஊர் வைத்தியரிடம் காட்டுங்கள் என்பார்களாம், காப்பி குடித்துவிட்டுப் போவார்களாம். "காப்பி போடுவதும் நான்தான் சாமி" என்றார் அந்தத் தாய். சிறிது நேரம் கழித்து, "இவர் போய்ச் சேர்ந்தால் தேவலாம் என்று ஒரு நாள் நினைத்துவிட்டேன். அதற்குப் பிறகு என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே பிடிக்கவில்லை" என்றார்.

தாய்மார்களே, இந்த நினைப்பு வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். அன்பு இல்லாததால் இது வருவதில்லை. பல மாதம் தொடர்ந்து தூங்காத எவருக்கும் இது வரும். 1981-இல் அமெரிக்காவில் நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் என்ற இருவர் மறதிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக ஒரு நூல் எழுதினார்கள். அதன் தலைப்பு, முப்பத்தாறு மணி நேர நாள் என்பது. தலைப்பைக் கேட்டதுமே பராமரிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும், உள்ளே படிக்கவே வேண்டாம். அதே நாட்டில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, நோயுற்ற கணவனையோ மனைவியையோ கவனித்து அதனால் மனமும் உடலும் நைந்துபோன முதியவர்களை நான்கு ஆண்டுகள் கவனித்து வந்தது. அத்தகைய பொறுப்பு இல்லாத அதே வயதினரைக் காட்டிலும் இவர்களுக்குச் சாவு நேரும் வாய்ப்பு 63 சதவீதம் அதிகமாக இருந்தது. நோயாளிக்கு முன்னால் அவரைப் பார்த்துக்கொண்டவர் போய்விடுவதை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். மூன்றாம் நாள் மந்திரிப்பு முடிந்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி, இனி இவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதானே?

அமலேக்கியரோடு நடந்த போரில் மோசே கைகளை உயர்த்தி நின்ற வரலாறு உங்களுக்குத் தெரியும். கைகள் சோர்ந்தபோது ஆரோனும் கூரும் செய்த முதல் காரியத்தைக் கவனியுங்கள். ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆளுக்கொரு பக்கம் நின்று கைகளைத் தாங்கினார்கள். விடாமல் ஜெபியுங்கள், கடவுள் பலம் தருவார் என்று தூரத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

இனி, இதற்கு என்ன செய்யலாம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். பெரிய ஆஸ்பத்திரியோ பெரிய பணமோ இல்லாமல் சாதாரண மக்களே செய்த ஒரு காரியம் நம் நாட்டிலேயே இருக்கிறது. அதுவும் நாம் திருயாத்திரைக்குப் போகும் கோவாவில்.

கோவாவில் சங்கத் என்னும் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து டாக்டர் அமித் டயஸ் முதலானோர் மறதிநோயாளிகளின் குடும்பங்களுக்காக ஒரு முயற்சி செய்தார்கள். வீட்டுக்கு வீடு போய் வழிகாட்டுவதற்காக இல்லப் பராமரிப்பு ஆலோசகர்கள் என்று சிலரை நியமித்தார்கள். அவர்கள் டாக்டர்களா, நர்சுகளா என்றால் இல்லை. மேல்நிலைப் பள்ளிப் படிப்பு முடித்தவர்கள், உள்ளூர் மொழி பேசுகிறவர்கள், மனமுள்ளவர்கள். ஒரு வாரம் தீவிரப் பயிற்சி. அந்த ஒரு வாரத்தில் முக்கியமாகக் கற்றுக்கொடுத்தது என்ன தெரியுமா? காது கொடுத்துக் கேட்பது எப்படி, மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி, துக்க வீட்டில் பேசுவது எப்படி, பொதுவான உடல் உபாதைகளுக்கு என்ன ஆலோசனை சொல்வது என்பவை. அவர்களுக்குப் பின்னால் ஓர் ஆற்றுப்படுத்துநரும், பகுதிநேரமாக ஒரு மனநல மருத்துவரும் நின்றார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாவது வீட்டுக்குப் போக வேண்டும். ஆறு மாதம் இப்படி.

போய் என்ன செய்தார்கள்? இந்த நோய் என்ன, இது ஏன் இப்படிப் படுத்துகிறது என்று விளக்கினார்கள். ஒரே கேள்வியை நாற்பது தடவை கேட்கும் மாமியார் வேண்டுமென்றே அப்படிச் செய்யவில்லை, அந்தப் பதில் மூளையில் தங்குவதில்லை என்பது தெரிந்தாலே மருமகளின் பாதிக் கோபம் தணிந்துவிடும். குளிப்பாட்டுவது, உடுத்துவது, சாப்பிட வைப்பது ஆகிய அன்றாட வேலைகளுக்குச் சுலபமான வழி சொன்னார்கள். தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்பினார்கள். முதியோருக்கான அரசு உதவிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்தை இன்னொரு குடும்பத்தோடு சேர்த்து வைத்தார்கள்.

81 குடும்பங்களைக் கொண்டு இதைச் சோதித்து, 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பராமரிப்பவர்களின் மனநலம் தேறியது. நோயாளியின் தொந்தரவான நடத்தைகளால் அவர்கள் படும் வேதனை குறைந்தது. நான் மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை: நோயாளியின் நோய் குறைந்ததாக அவர்கள் காட்டவில்லை, சுமையே இறங்கிவிட்டது என்றும் சொல்லவில்லை. அதே சுமையைச் சுமந்தவர் கொஞ்சம் தெம்பாகச் சுமந்தார். எனக்கு இது போதும் என்று தோன்றுகிறது. லண்டனிலும் இதுபோன்ற முயற்சி ஒன்று நடந்தது. உளவியல் படித்த இளைஞர்கள் ஒரு குடும்பத்தோடு தனியாக எட்டுத் தடவை உட்கார்ந்து பேசினார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்விலும், பராமரிப்பவர்களின் மனச்சோர்வும் கவலையும் குறைந்தன. எட்டே தடவை!

அண்டையிலுள்ள கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புப் பணி பிறகு மலப்புரத்திலும் மற்ற இடங்களிலும் அக்கம்பக்கத்தாரின் பணியாகவே வளர்ந்தது. ஆட்டோ ஓட்டுகிறவரும் ஆசிரியரும் மாணவரும் வாரத்தில் சில மணி நேரம் கொடுத்துப் படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்குப் போகிறார்கள். நம் சென்னையிலே டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ப் நிறுவனம், மனநோயாளிக்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பதை நம் மக்களுக்குக் காட்டியது. மனநோய் உள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கு மற்றவர்களைவிட ஒரு சுமை கூடுதல். வெளியே சொல்லவும் முடியாது.

நாம் ஆற்றுப்படுத்துதல் என்று ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறோம். குருமடத்தில் அதற்குத் தனிப் பாடமே உண்டு. ஆனால் அந்தச் சொல்லின் வேரைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், பசியோடு எதிரே வரும் இன்னொரு பாணனைப் பார்த்து, இந்த வழியாகப் போ, இன்ன இன்ன ஊர்கள் வரும், இன்னாரைப் பார் என்று சொல்லியனுப்புவான். அறிஞன் அறியாதவனுக்குச் சொல்வதல்ல அது; அந்த வழியில் நடந்து வந்தவன் நடக்கப் போகிறவனுக்குச் சொல்வது. நம் பங்கில் கணவரை ஆறு ஆண்டு கவனித்து அடக்கம் செய்த விதவைத் தாய்மார்கள் இருக்கிறார்கள். மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளையை முப்பது வயது வரை வளர்த்த பெற்றோர் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு அவர்களைவிடப் படித்தவர்களை நான் எங்கே தேடுவது?

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் நாம் தொடங்க நினைப்பது இதுதான். சோர்ந்து கிடக்கும் ஒரு குடும்பத்துக்கு ஒருவர். கூட்டமாக அல்ல, ஒருவருக்கு ஒருவர். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையினரும் ஏற்கனவே வீடு சந்திக்கிறார்கள், அது தொடரட்டும். இது சற்று வேறு மாதிரியான சந்திப்பு. அதை விளக்கிச் சொல்கிறேன்.

நீங்கள் அந்த வீட்டுக்குப் போவது நோயாளியைப் பார்க்க அல்ல. நோயாளிக்கு ஒரு வணக்கம், இரண்டு அன்பான வார்த்தை. பிறகு அடுப்படியிலோ வாசற்படியிலோ, அந்தப் பராமரிக்கிறவரோடு உட்கார வேண்டும். நோயாளியின் காதில் விழும் இடத்தில் அவர் எதையும் மனம் விட்டுச் சொல்ல மாட்டார். முதல் கேள்வி, சாப்பிட்டீர்களா என்பதாக இருக்கட்டும். நம் ஊரில் இது எல்லாரும் கேட்கும் கேள்விதான். ஆனால் பதிலுக்குக் காத்திருந்து கேட்கிறவர்கள் குறைவு. நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேளுங்கள். உங்கள் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேளுங்கள். முதல் இரண்டு சந்திப்பில் ஆலோசனையே சொல்ல வேண்டாம். காப்பியும் குடிக்க வேண்டாம்!

சொல்லக் கூடாத வார்த்தைகள் சில உண்டு. கடவுள் அன்பு செய்கிறவர்களைத்தான் சோதிக்கிறார் என்று சொல்லாதீர்கள். குருவாகிய நான் சொல்கிறேன், அதைச் சொல்லாதீர்கள். நீ கொடுத்து வைத்தவள், இந்தச் சேவை யாருக்குக் கிடைக்கும் என்றும் வேண்டாம். அவ்வளவு பெரிய பாக்கியம் என்றால் ஒரு வாரம் நாம் செய்து பார்க்கலாமே. எங்கள் ஊரில் ஒருவருக்கு இதே நோய், மூன்று மாதத்தில் எழுந்து நடந்தார் என்ற கதைகளும் வேண்டாம். அந்த வீட்டில் கேட்டது அந்த வீட்டோடு நிற்க வேண்டும். அன்பியக் கூட்டத்தில் ஜெப வேண்டுதல் என்ற பெயரில் கூட வெளியே வரக் கூடாது. இதிலே நான் கண்டிப்பாக இருப்பேன்.

மூன்றாம் நான்காம் சந்திப்பில், அவருக்கு எது மிகவும் கஷ்டம் என்று தெரிந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது தூக்கிப் புரட்டுவதாக இருக்கும். அசைய முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்புகிறார்கள். எழுபது கிலோ எடையுள்ளவரை நாற்பத்தைந்து கிலோ உள்ள மனைவி எப்படிப் புரட்டுவார் என்று யாரும் காட்டித் தருவதில்லை. கையைப் பிடித்து இழுத்தால் பக்கவாதம் வந்த தோள்மூட்டு நழுவும், இழுப்பவரின் இடுப்பும் போகும். போர்வையை நான்காக மடித்து நோயாளியின் தோளிலிருந்து தொடை வரை அடியில் போட்டு, அந்தப் போர்வையைப் பிடித்து உருட்டினால் ஒரே ஆள் செய்யலாம். படுத்த நிலையில் கஞ்சி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும், தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்ட வேண்டும். இவை சின்ன விஷயங்கள்தாம். இவை தெரியாமல் எத்தனை இடுப்புகள் உடைந்துபோயின!

அடுத்தது, அந்த ஒருவர் மீதே எல்லாம் விழாமல் குடும்பத்தைப் பேச வைப்பது. அண்ணன் தம்பி நான்கு பேர் இருப்பார்கள். பார்ப்பது ஒரு மருமகள். மற்றவர்கள் மாதம் ஐந்நூறு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் குறை சொல்வார்கள். இப்படிப்பட்ட இடத்தில் நம் சந்திப்பாளர் பஞ்சாயத்துப் பேசப் போக வேண்டாம். என்னிடம் சொல்லுங்கள். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் அந்தக் குடும்பத்தாரை அழைத்து, யார் எந்த நாள், யார் எவ்வளவு பணம், யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என்று தாளில் எழுதுவோம். சாமி கூப்பிட்டால் வருவார்கள். அந்த மரியாதையை இதற்காவது பயன்படுத்துகிறேனே. ஆண்கள் பராமரிக்கும் வீட்டுக்கு ஆண்களே போக வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பெண்கள் அழுதாவது ஆற்றிக்கொள்கிறார்கள். ஆண்கள் சிலர் வேறு வழியில் ஆற்றிக்கொள்ளப் போய்விடுகிறார்கள், கடை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அரசாங்கம் தருவதைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை வீட்டுக்கே வருவது பலருக்குத் தெரியும். படுக்கையில் இருப்பவருக்கு நர்சும், உடற்பயிற்சி கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவதும் அதே திட்டத்தில் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். கடுமையாக உடல் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கும் தமிழக அரசு தரும் மாதப் பராமரிப்புத் தொகை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், அடையாள அட்டையோடு மனுக் கொடுக்க வேண்டும். திருவள்ளூருக்கு ஒரு நாள் அலைய வேண்டும். படுத்திருப்பவரை விட்டுவிட்டு யார் அலைவது? அதனால்தான் தகுதியிருந்தும் பலர் விட்டுவிடுகிறார்கள். மனுவை எழுதித் தந்து, அந்த ஒரு நாள் நோயாளியோடு உட்கார்ந்துகொள்ள ஓர் ஆள் கொடுத்தால், மாதந்தோறும் அந்தக் குடும்பத்துக்கு அரிசிக்கும் பாலுக்கும் பணம் வரும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்பது பணம் அல்ல. எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்பதே. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயது கடந்த அத்தகைய பிள்ளைகளுக்குச் சட்டப்படியான பாதுகாவலரை மாவட்டக் குழுவின் மூலம் நியமித்துக்கொள்ளலாம். உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய காரியம் அது. அந்த மனுவுக்கும் நாம் துணை நிற்போம்.

நம் சந்திப்பாளர்களின் எல்லை எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பராமரிக்கிறவர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார், செத்துவிடலாம் என்கிறார், நோயாளியின் மேல் கை நீட்டிவிட்டதாகச் சொல்கிறார் என்றால், அதை மனதிலேயே வைத்துக்கொண்டு ஆறுதல் சொல்லிவிட்டு வராதீர்கள். மற்றக் காரியங்களில் நான் சொன்ன இரகசியம் இதற்குப் பொருந்தாது. அன்றே எனக்கோ நம் அருட்சகோதரிகளுக்கோ சொல்லுங்கள். டாக்டரிடம் அழைத்துப் போவோம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழில் கிடைக்கிறது. அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், நர்சு எண்ணோடு சேர்த்துச் சுவரில் ஒட்டுங்கள்.

இதெல்லாம் எதற்கு, யூபிலி நினைவாக ஒரு முதியோர் இல்லம் கட்டிவிட்டால் போதாதா என்று பங்குப் பேரவையில் ஒரு பெரியவர் கேட்டார். நல்லெண்ணத்தோடு கேட்டார். இல்லங்கள் தேவைதான், யாருமே இல்லாதவர்களுக்கு அவை அடைக்கலம். ஆனால் நான் பார்த்தவரையில், நம் மக்கள் தாய் தகப்பனை அனுப்ப இடம் தேடவில்லை. வீட்டில் வைத்துப் பார்க்கத்தான் விரும்புகிறார்கள், பார்க்கத் தெம்பு இல்லை. இருபது பேருக்கு இல்லம் கட்டும் பணத்தில் இருநூறு வீடுகளைத் தாங்கலாம். நுழைவாயில் வளைவு பற்றியும் பேச்சு இருக்கிறது. வளைவு அழகாகத்தான் இருக்கும், நான் எதிர்க்கவில்லை. ஆனால் விழாக் குழுவினர் பொதுநலப் பணிக்கென்று ஒதுக்கிய தொகையை வளைவோடு சேர்த்துவிட வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பணத்தில் இரண்டு நீர்ப்படுக்கை, இரண்டு சக்கர நாற்காலி, ஒரு கழிப்பறை நாற்காலி வாங்கி ஆலயத்தில் வைப்போம். தேவைப்படும் வீடு எடுத்துச் செல்லட்டும், தேவை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகட்டும். கிறிஸ்தவ வீடு, இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று பார்க்க வேண்டாம். படுக்கைப்புண்ணுக்கு மதம் கிடையாது.

இன்னுமொன்று, ஞாயிறு திருப்பலி நேரத்தைப் பற்றி. காலைத் திருப்பலிக்கு வருகிறவர் இரண்டாம் திருப்பலி நேரத்தில் ஒரு வீட்டில் போய் உட்கார்ந்தால், நான் சொன்ன அந்தத் தாய் ஆலயத்துக்கு வரலாம். வராமல் அந்த ஒன்றரை மணி நேரம் தூங்கினாலும் சரியே, நான் வருகைப்பதிவு எடுக்கப் போவதில்லை.

வரும் ஞாயிறு முதல் ஆலய அலுவலகத்தில் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்றில், துணை வேண்டும் என்கிறவர்கள் பெயர் எழுதலாம். எழுத வெட்கப்பட்டால் அருட்சகோதரியிடம் காதில் சொன்னால் போதும். மற்றொன்றில், துணை போகத் தயாராக இருப்பவர்கள் எழுத வேண்டும். பெயரோடு எந்த ஷிப்ட் என்பதையும் எழுதுங்கள். இரவு ஷிப்ட் பார்ப்பவர் மதியம் போகலாம், காலை ஷிப்ட் பார்ப்பவர் மாலையில் போகலாம், எனவே மூன்று ஷிப்டுக்காரர்களும் எனக்கு வேண்டும். ஒருவருக்கு ஒரு குடும்பத்துக்கு மேல் தர மாட்டேன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, ஆறு மாதம். அதற்கு மேல் முடியாதவர் விலகிக்கொள்ளலாம், வேறொருவர் வருவார். முதல் பயிற்சி இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில். அனுபவமுள்ள நர்சு ஒருவர் வந்து கட்டில் போட்டுச் செய்து காட்டுகிறார். வருகிறவர்கள் ஒரு பழைய போர்வையும் இரண்டு தலையணையும் கொண்டுவர வேண்டும்.